பம்மல் சம்பந்த முதலியார்: நாடகாசிரியரும் நெறியாளரும்

தாம்பரம் மாநகராட்சியுள் இன்று அடங்கியுள்ள பம்மல் என்னும் ஊர், தமிழ் நாடக வரலாற்றில் ஒருவர் பெயரின் முன்னொட்டாகவே நிலைபெற்றுள்ளது. சென்னையில் பிறந்த சம்பந்த முதலியாருக்கு (1873-1964) இவ்வூர்த் தொடர்பு தந்தைவழி வந்தது. ‘தமிழ் நாடகத் தந்தை’ எனப் போற்றப்படும் அவர், தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களை இயற்றியவர் என்றே பெரிதும் பேசப்படுகிறார். இவ்வெண்ணிக்கை அவரது நெறியாள்கையை மறைத்துவிடுகிறது.

பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவினரின் நாடகங்களைக் கண்ட ஊக்கத்தால் 1891இல் சுகுண விலாச சபை தோன்றியது. வழக்கறிஞரும் அலுவலரும் அதில் ஊதியமின்றி நடித்தனர். கூத்தாடுவோரை இழிவாக நோக்கிய காலத்தில் இது சிறிய துணிவன்று. விடியுமட்டும் நீண்ட பாட்டு மிகுந்த நாடகத்திற்கு மாற்றாக, உரைநடை உரையாடலும் சில மணி நேர அளவும் கொண்ட அரங்கை இச்சபை வளர்த்தது. உரையாடலை மனப்பாடம் செய்தல், ஒத்திகைக்குத் தவறாது வருதல் ஆகிய ஒழுங்குகளின்றி இம்மாற்றம் இயன்றிராது. பெண் வேடங்களை ஆடவரே ஏற்றனர். சம்பந்தனாருக்கு இணையாகக் கதைத்தலைவி வேடங்களில் நடித்த ரங்கவடிவேலுவின் பங்கு தனி ஆய்வுக்குரியது.

சேக்சுபியர் தழுவல்களில் அவர் கையாண்ட பெயரிடு முறை கூர்ந்து நோக்கத்தக்கது. ஹாம்லெட் ‘அமலாதித்யன்’ ஆகிறான். மாக்பெத் ‘மகபதி’ ஆகிறான். வெனிஸ் ‘வாணிபுரம்’ ஆகிறது. மூலத்தின் ஒலி காதில் நிற்க, பெயரோ இந்நாட்டு மன்னருக்கும் ஊருக்கும் உரியதாகிறது. ‘சிம்ஹளநாதன்’ இன்னும் நுட்பமானது. சிம்பெலின் பிரித்தானியத் தீவின் அரசன். ஒலியொப்புமை அவனை மற்றொரு தீவுக்கே அரசனாக்கிவிடுகிறது. ஆங்கிலம் கற்ற அவையினர் மூலத்தை நினைவுகூரவும், கல்லாதார் கதையைத் தமதாகக் கொள்ளவும் இம்முறை இடந்தந்தது. இதனை வெறும் மொழிபெயர்ப்பு உத்தி என ஒதுக்குவது பொருந்தாது. இது அவையறிந்த நெறியாளரின் முடிவு.

‘மனோகரா’வை மதிப்பிடுவதிலும் இத்தகைய கவனம் வேண்டும். 1954ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் உரையாடல் மு. கருணாநிதியுடையது. அதன் முழக்கத்தைக் கொண்டு, சம்பந்தனார் தாமே தலைமை வேடமேற்ற மேடை நாடகத்தின் நடையை அளத்தல் கூடாது. நாடகப் பிரதியுடன் ‘நாடக மேடை நினைவுகள்’ நூலையும் இணைத்துப் படிக்கும்போதே அவருடைய மேடை ஓரளவேனும் புலப்படுகிறது. நடிப்புப் பயிற்சி குறித்தும் அவர் தனிநூல் எழுதியிருக்க, பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள் அவரைப் பெரும்பாலும் நூற்பட்டியலாகவே அறிமுகப்படுத்துகின்றன.