‘தி’ போடவா, வேண்டாமா?

ஆங்கிலம் பேசவும் எழுதவும் தொடங்கியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு பழைய வாத்தியார் சொல்வது இது. ‘எ’, ‘அன்’, ‘தி’ என்ற மூன்று சின்னச் சொற்களுக்காக விதிகளை நோட்டில் எழுதி உருப்போட வேண்டாம். பல இடங்களில் அவை தொடரோடு ஒட்டியே வருகின்றன. மீதி இடங்களில் உங்கள் தமிழே பெருமளவு கைகொடுக்கும்.

1. தொடரை முழுசாகப் படியுங்கள். ‘இன் எ ஹர்ரி’, ‘ஆல் ஆஃப் எ சடன்’, ‘ஃபார் தி டைம் பீயிங்’ ஆகியவற்றைப் பிரித்துப் போட்டு, ஏன் ‘எ’, ஏன் ‘தி’ என்று ஆராயாதீர்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹரால்ட் பாமர் 1933இல் இத்தகைய சேர்க்கைகளைத் தொகுத்து வெளியிட்டார். இவற்றை அப்படியே ஒரே துண்டாகத்தான் கற்க வேண்டும் என்பதே அவர் கருத்து.

2. வினையையும் சேர்த்தே பழகுங்கள். நாம் தப்பும் பண்ணுவோம், ஹோம்வொர்க்கும் பண்ணுவோம், போனும் பண்ணுவோம். ஆங்கிலத்தில் ‘மேக் எ மிஸ்டேக்’, ‘டூ யுவர் ஹோம்வொர்க்’, ‘மேக் எ கால்’. அதுபோல, ‘பற்றி’ என்ற நம் பழக்கத்தில் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதிவிடுகிறோம். ‘டிஸ்கஸ் தி மேட்டர்’ போதும்.

3. ‘தி’ எங்கே வரும் என்பதை நம் ‘ஐ’ உருபு காட்டிக்கொடுக்கும். ‘கடையில் பேனா வாங்கினேன். பேனாவைத் தம்பிக்குக் கொடுத்தேன்.’ முதல் பேனாவுக்கு ‘எ’, இரண்டாவதற்கு ‘தி’. ‘கதவைச் சாத்து’ என்றால் எந்தக் கதவு என்று இருவருக்கும் தெரியும். ஆகவே ‘ஷட் தி டோர்’. கேட்பவருக்கு எது என்று தெரியுமா என்பதுதான் கேள்வி. ஆனால் ஆட்களுக்கு இந்த அடையாளம் செல்லாது. ‘ஒரு பையனைப் பார்த்தேன்’ என்பதிலும் ‘ஐ’ உண்டு. அங்கே ‘எ பாய்’தான்.

4. ‘எ’யா, ‘அன்’னா என்பதைக் காது முடிவு செய்யட்டும். உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’ எழுதும் நமக்கு இது புதிதல்ல. சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். அவர் (மணி நேரம்), எம்எல்ஏ, எஸ்எம்எஸ் எல்லாம் உயிரில் தொடங்குகின்றன: ‘அன் அவர்’, ‘அன் எம்எல்ஏ’. யுனிவர்சிட்டி, யூபிஐ இரண்டும் யகரத்தில் தொடங்குகின்றன: ‘எ யுனிவர்சிட்டி’. ‘ஒன்’ மட்டும் ஏமாற்றும். ஆங்கில உச்சரிப்பில் அது ‘வன்’. எனவே ‘எ ஒன்-ருப்பீ காயின்’.

5. எண்ண முடியாத பெயர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் ஓர் அறிவுரை, பத்து அறிவுரைகள் என்கிறோம். ஆங்கிலத்தில் ‘அன் அட்வைஸ்’ கிடையாது, ‘அட்வைசஸ்’ஸும் கிடையாது, ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ உண்டு. ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட் எல்லாம் இதே கூட்டம். சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியைப் புரட்டுங்கள். 1942இல் ஏ. எஸ். ஹார்ன்பியும் நண்பர்களும் ஜப்பானில் வெளியிட்ட அகராதியின் வழிவந்தது அது. எண்ணக்கூடியதற்கு ‘சி’, எண்ண முடியாததற்கு ‘யு’ என்று குறி போட்டிருக்கும்.

6. எதற்காகப் போகிறீர்கள் என்று பாருங்கள். பிள்ளை படிக்கப் போவது ‘டு ஸ்கூல்’. அப்பா ஃபீஸ் கட்டப் போவது ‘டு தி ஸ்கூல்’. ‘பை பஸ்’, ஆனால் ‘ஆன் தி பஸ்’. ‘இன் தி மார்னிங்’, ஆனால் ‘அட் நைட்’. பஸ், மார்னிங், நைட் போன்றவற்றுக்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். முதல் அறிவுரைப்படி அப்படியே மனத்தில் வையுங்கள்.

7. பொருள் தலைகீழாகும் இடங்களில் கவனம். ‘ஐ ஹேவ் ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்’ என்றால் நண்பர்கள் அதிகம் இல்லையே என்ற குறை. ‘எ ஃப்யூ’ என்றால் நாலு பேராவது இருக்கிறார்கள் என்ற தெம்பு. ‘டேக் பிளேஸ்’ என்றால் நடப்பது. ‘டேக் தி பிளேஸ் ஆஃப்’ என்றால் வேறொன்றின் இடத்துக்கு வருவது.

8. ஆறு, கடல், மலைத்தொடருக்கு ‘தி’ உண்டு: தி காவேரி, தி பே ஆஃப் பெங்கால், தி நீலகிரீஸ். மதுரைக்கும் எவரெஸ்ட்டுக்கும் இல்லை. இந்தியாவுக்கு இல்லை, தி மால்தீவ்ஸ், தி யுனைடெட் ஸ்டேட்ஸ் என்பவற்றுக்கு உண்டு.

9. தினம் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரே ஒரு பத்தி போதும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் என்ன நிற்கிறது, அல்லது ஒன்றுமே இல்லையா என்று பார்த்து அடிக்கோடிடுங்கள். பிடித்த தொடர் ஒன்றை எடுத்து, உங்கள் வீட்டையோ வேலையையோ பற்றிச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

10. பேசும்போது ‘தி’ விட்டுப்போனால் நிற்காதீர்கள். சொல்ல வந்தது பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். எழுதும்போது அந்தச் சலுகை இல்லை. வேலைக்கு விண்ணப்பம் எழுதினால், அனுப்பும் முன் இந்த மூன்று சொற்களுக்காக மட்டும் ஒரு தடவை தனியாகப் படித்துத் திருத்துங்கள்.