காரமில்லாமல் சோப்பு இல்லை



காஸ்டிக் சோடா சேராமல் ஆலிவ் எண்ணெய் கட்டிச் சோப்பு ஆகாது. ‘கெமிக்கல் இல்லாதது’ என்று உறையில் அச்சிட்டு விற்கும் சோப்பும் அதனால் ஆனதுதான். இல்லையென்றால், வேறொருவர் காரம் சேர்த்துச் செய்து முடித்த கட்டியை உருக்கி அச்சில் ஊற்றியது. அளவறிந்து செய்த சோப்பில் அந்தக் காரம் மிஞ்சுவதில்லை. அது எண்ணெயோடு வினைபுரிந்து சோப்பாகிறது, உடன் கிளிசராலும் பிரிகிறது. சேர்ப்பது வேறு, மிஞ்சுவது வேறு. வேதியியல் படித்தவர்களே இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது பொறுக்கத்தக்கதல்ல.

இயற்கையானவை என்று போற்றப்படும் பழைய சோப்புகளும் இதற்கு விலக்கல்ல. பாலஸ்தீனத்தின் நாப்லஸ் நகரச் சோப்புக்கு ஆலிவ் எண்ணெய், நீர், காரம் ஆகிய மூன்றே பொருள்கள். உவர்நிலச் செடிகளைச் சுட்ட சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்து அந்தக் காரத்தைக் கொடுத்தன. சாம்பலிலுள்ள சோடியம் கார்பனேட்டோடு நீற்றிய சுண்ணாம்பு சேரும்போது கால்சியம் கார்பனேட் அடியில் படிகிறது. கரைசலில் நிற்பது சோடியம் ஹைட்ராக்சைடு. கடையில் வாங்கும் காஸ்டிக் சோடாவும் அதே பொருள்தான். காட்டு மரங்களின் சாம்பலில் சோடியத்தைவிடப் பொட்டாசியமே மிகுதி. அதிலிருந்து கிடைப்பது இளகிய சோப்பு. எனவே கட்டிச் சோப்பு மத்தியதரைக் கடலோரத்தில் செழித்ததற்கு ஆலிவ் மரத்தை மட்டும் புகழ்வது சரியல்ல. புகழில் பாதி உவர்நிலச் செடிக்கு உரியது. பிரான்சின் 1688 அரசாணை மார்செய் சோப்புக்கு ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பு கூடாது என்று விதித்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். ஸ்பெயின் கரையோரச் செடிகளின் சாம்பல் ஐரோப்பியச் சோப்புத் தொழிலுக்குச் சோடா, அதாவது சோடியம் கார்பனேட், தந்ததை எழுதுவோர் குறைவு. சாதாரண உப்பிலிருந்து சோடா எடுக்கும் முறைக்கு நிக்கோலா லெப்லாங்க் 1791-இல் காப்புரிமை பெற்றார். அம்முறை பரவியபின் சாம்பல் வணிகம் தேய்ந்தது. தமிழ்நாட்டு வெள்ளாவியில் உவர்மண் அழுக்கை நீக்கியதும் இதே சோடாவின் வேலைதான்.

காரத்தின் அளவைக் கணக்கிட முடிவதற்கு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரலின் ஆய்வு அடிப்படை. கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசராலும் சேர்ந்த சேர்மம் என்பதை அவர் 1823-இல் வெளியிட்ட நூல் நிலைநாட்டியது. சோப்பு செய்ய விரும்புவோர் செய்முறைக் குறிப்புகளுக்கு முன் அந்த ஆய்வின் வரலாற்றைப் படிப்பது நல்லது. கைப்பழக்கமாக இருந்த தொழில் அங்கேதான் கணக்காகிறது.

ஒரு கிராம் ஆலிவ் எண்ணெயை முழுதும் சோப்பாக்க ஏறத்தாழ 0.134 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும். 500 கிராம் எண்ணெய்க்கு இது 67 கிராம். அதில் 5 விழுக்காடு குறைத்து 64 கிராம் சேர்த்தால் சிறிது எண்ணெய் மாறாமல் நின்று தோலுக்கு இதமாகும். எடையில் நேரும் சிறு பிழையையும் அது தாங்கும். தண்ணீர் 128 கிராம், காய்ச்சி வடித்ததாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் எடையாலேயே அளக்க வேண்டும். கரண்டிக் கணக்கும் டம்ளர் கணக்கும் இங்கே செல்லாது. வேறு எண்ணெய் கலந்தால் கணக்கும் மாறும். குழாய் அடைப்பு நீக்கும் பொடியில் அலுமினியத் துணுக்குகள் கலந்திருக்கலாம் என்பதால் அது ஆகாது. தூய காஸ்டிக் சோடாவே தேவை.

அலுமினியப் பாத்திரமும் கூடாது. காரம் அதை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். எவர்சில்வர் பாத்திரம் ஏற்றது. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, காற்றோட்டம் ஆகிய நான்கும் கட்டாயம். காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் வெப்பம் ஓரிடத்தில் பொங்கிக் கரைசல் தெறிக்கும். தோலில் பட்டால் வினிகரைத் தேடி ஓடுவது மூடநம்பிக்கை. ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் அப்படிக் கழுவியபின் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வந்தபின், கரைசலை எண்ணெயில் ஊற்றிக் கலக்க வேண்டும். ஆலிவ் எண்ணெய் மெதுவாகவே கெட்டிப்படும். கையால் கலக்கினால் பொழுது போய்விடும். கை பிளெண்டரை விட்டுவிட்டு இயக்கினால் விரைவில் பதம் வரும். கரண்டியிலிருந்து விழும் கலவை கோலமாவு இழைபோல மேலே சிறிது நேரம் நிற்பதே பதம். பதம் வரவில்லையே என்ற பொறுமையின்மையில் காரத்தைக் கூட்டுவது பெரும்பிழை. அந்தச் சோப்பு தோலை எரிக்கும்.

அச்சில் ஊற்றிய கலவை ஓரிரு நாளில் வெட்டும் அளவுக்கு இறுகும். இன்னும் மென்மையாக இருந்தால் மேலும் ஒரு நாள் விடலாம். கையுறையோடு வெட்டி, துண்டுகளுக்கிடையே காற்றுப் புக இடம் விட்டு அடுக்க வேண்டும். நாப்லஸில் துண்டுகளை உள்ளீடற்ற கோபுரங்களாக அடுக்குவதும், சிரியாவின் அலெப்போவில் மாதக்கணக்கில் உலர்த்துவதும் இதற்காகத்தான். அவ்விரு நகரச் சோப்புத் தொழில்களும் 2024-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

முதல் சோப்பைச் செய்தவர்கள் பலர் ஒரு வாரத்தில் எடுத்துத் தேய்த்து, நுரையில்லை, வழவழப்பாக இருக்கிறது என்று குறை சொல்கிறார்கள். குறை சோப்பில் இல்லை. ஆலிவ் எண்ணெயில் ஓலிக் அமிலமே பெரும்பங்கு. அதன் சோப்பு சிறிய, மெல்லிய நுரையைத்தான் தரும். நீர் வற்ற வற்றக் கட்டி இறுகி, வழவழப்பு குறையும். உலர்த்துவதற்கு ஆறு வாரம் குறைந்த அளவு. ஆறு மாதம் சிறப்பு. வாரந்தோறும் ஒரு துண்டை நிறுத்துப் பார்த்து, எடை குறைவது ஏறக்குறைய நின்றதும் பி.எச். தாளில் சோதிக்க வேண்டும். 9-க்கும் 10-க்கும் இடையே காட்டினால் சோப்பு பயன்படுத்தத் தயார்.