பிள்ளையின் புள்ளிக் கணக்கு: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜிம்னாஸ்டிக் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர், ஒவ்வொரு போட்டியிலும் தம் பிள்ளை பெற்ற புள்ளியைத் தசமஸ்தானம் பிசகாமல் ஒரு கொப்பியில் எழுதி வைத்து, சென்ற போட்டியோடு இந்தப் போட்டியையும், தம் பிள்ளையோடு பிறர் பிள்ளையையும் ஒப்புநோக்கி, அதன் பயனாகச் சில சமயம் அகமகிழ்ந்தும் பல சமயம் மனஞ்சோர்ந்தும் போவது உலகெங்கும் காணப்படும் வழக்கம். அந்த வழக்கத்தில் குற்றம் ஒன்றுமில்லை. பிள்ளையின் முயற்சியில் சிரத்தை கொள்ளாத பெற்றோரைக் காட்டிலும் சிரத்தை கொள்ளும் பெற்றோர் எவ்வளவோ மேலானவர்கள். ஆனால் அந்தப் புள்ளி எவ்வாறு பிறக்கிறது என்பதை அறியாமலே, அதைக் கொண்டு பிள்ளையின் திறமையையும் எதிர்காலத்தையும் நிர்ணயிக்க முற்படுவதால் விளையும் தீங்கு சிறிதன்று.

பதுளை மாவட்டத்து மலைத்தோட்டங்களுக்கு இது இன்னும் தூரத்து விளையாட்டுத்தான். கொழுந்து மலையும் லயமும் கோயிலும் போக எஞ்சும் சமதரை சொற்பமாயுள்ள இடங்களில், கரப்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் மைதானம் கிடைப்பதே பெரும்பாடாயிருக்க, பாயும் பீமும் கம்பியும் கொண்ட மண்டபத்துக்கு எங்கே போவது? ஆயினும் காலம் மாறிவருகிறது. ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் இலங்கை ஜிம்னாஸ்டிக் வீராங்கனை என்ற சிறப்பைப் பெற்ற மில்கா கெஹானி, 2021இல் டோக்கியோவில் நடந்த தொடக்க விழாவில் சாமர நுவனோடு சேர்ந்து நாட்டின் கொடியை ஏந்திச் சென்ற காட்சி கைத்தொலைபேசி வழியாக எந்த மலைக்கும் எட்டக்கூடியது. படிப்புக்கென்று நகரத்துப் பாடசாலைக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விளையாட்டு வந்து சேரும் முன்னரே அதைப் பற்றிய தப்பபிப்பிராயங்கள் வந்து சேர்ந்துவிடாமல் காப்பது நல்லது.

பிள்ளையின் புள்ளியில் உயிரையே வைக்கும் மனோபாவம் நம் மக்களிடம் ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை மீரியபெத்தயை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தையை அடுத்த அந்தத் தோட்டத்தின் லயங்களை மண்சரிவு மூடியபோது, பாடசாலைக்குப் போயிருந்த ஒரே காரணத்தால் உயிர் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள். அந்த மண்ணில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதென்பது, லயத்துக்கு வெளியே ஒரு வாழ்வுக்கு அவளை அனுப்புவதேயாகும். புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் வீடே சோகத்தில் ஆழ்ந்துபோவதற்கும் அதுவே காரணம். அந்த ஆவலை மதித்தே, புள்ளியைப் பற்றிய நம்பிக்கைகள் சிலவற்றை இங்கே பரிசீலிக்கிறோம்.

நம்பிக்கை 1: பத்துக்குப் பத்துதான் முழுமையான புள்ளி.

உண்மை: ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கில், ருமேனியாவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி நாடியா கொமனெச்சி சமனற்ற கம்பிகளில் செய்த பயிற்சிக்குப் பத்து வழங்கப்பட்டபோது, அப்படியொரு புள்ளியைக் காட்டுமாறு அமைக்கப்படாத அறிவிப்புப் பலகை 1.00 என்றே காட்டியது. அந்தப் பத்தின் புகழ் இன்றும் மங்கவில்லையெனினும், அந்த முறை 2006ஆம் ஆண்டோடு சர்வதேச அரங்கிலிருந்து நீங்கிவிட்டது. இப்போது புள்ளி இரண்டு பாகங்களால் ஆனது. பயிற்சியாளர்கள் ‘டி’ என்று சொல்வது, பிள்ளை எடுத்துக்கொண்ட வித்தைகள் எவ்வளவு கடினமானவை என்பதற்கான புள்ளி. இதற்கு மேல்வரம்பு கிடையாது. ‘ஈ’ என்று சொல்வது, அவ்வித்தைகளை எவ்வளவு செம்மையாகச் செய்தாள் என்பதற்கான புள்ளி. இது பத்தில் தொடங்கி ஒவ்வொரு பிழைக்கும் குறைந்துகொண்டே வரும். மாலையில் மடுவத்துத் தராசில் தொங்கும் சாக்கின் நிறையிலிருந்து, சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்தது போக எஞ்சியதே தாயின் பெயரில் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இந்தக் கழிவுக் கணக்கு விளங்காத காரியமன்று. சிறு பிழைக்கு 0.1, நடுத்தரப் பிழைக்கு 0.3, பெரும் பிழைக்கு 0.5, விழுந்தால் 1.0 என்பது கழிவின் அளவு. இரண்டு பாகங்களையும் கூட்டி, எல்லைக் கோட்டைத் தாண்டியது போன்ற தண்டங்களையும் கழித்தால் வருவதே பலகையில் தெரியும் எண். எனவே பதினொன்று எடுத்த பிள்ளை பத்தைத் தாண்டிவிட்டாள் என்று களிப்பதற்கும் இடமில்லை. ஒன்பது எடுத்தவள் முழுமைக்கு ஒன்று குறைந்தவள் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. வயதுப் பிரிவுப் போட்டிகள் சிலவற்றுக்குத் தனி விதிகளும் உண்டாகையால், அந்தந்தப் போட்டியின் சுற்றறிக்கையைப் படித்தறிவது அவசியம்.

நம்பிக்கை 2: சென்ற முறையைவிடப் புள்ளி குறைந்தால் பிள்ளை பின்னடைந்துவிட்டாள்.

உண்மை: பெற்றோரிடையே மிகுதியாகப் பரவியிருப்பதும், பிள்ளைகளை மிகுதியாகப் புண்படுத்துவதும் இந்த நம்பிக்கைதான். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு சிறுமி தரைப் பயிற்சியில் ‘டி’ 3.2, ‘ஈ’ 7.9 பெற்று, மொத்தம் 11.1 எடுத்தாள். அடுத்த போட்டிக்குள் கடினமான புதிய வித்தைகளைக் கற்று அரங்கேற்றினாள், ‘டி’ 3.8 ஆக உயர்ந்தது. ஆனால் புதிய வித்தையொன்றில் விழுந்துவிட்டதால் 1.0 கழிந்து, ஏனைய சிறு பிழைகளுக்கு 2.2 கழிந்து, ‘ஈ’ 6.8 ஆயிற்று. மொத்தம் 10.6. கொப்பியில் மொத்தத்தை மட்டும் எழுதிய தகப்பனுக்குத் தெரிவது, மகள் 0.5 இழந்தாள் என்பதே. பாகங்களைப் பிரித்து எழுதியவருக்கோ, மகள் கடினத்தில் 0.6 ஏறியிருக்கிறாள் என்பதும், செம்மையில் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறாள் என்பதும், அந்த ஒரு வீழ்ச்சி இல்லாதிருந்தால் 11.6 எடுத்திருப்பாள் என்பதும் புலனாகும். இருவரும் ஒரே போட்டியைப் பார்த்தவர்கள்தாம். ஆனால் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோவது வருத்தத்தை, மற்றவர் கொண்டுபோவது நம்பிக்கையை.

ஆண்டுகளைக் கடந்து ஒப்பிடுவதோ அதனினும் அபாயகரமானது. திரிபுரா மாநிலத்து அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர், 2016இல் ரியோ ஒலிம்பிக்கில், மேசையைத் தாண்டிப் பாயும் வோல்ட் இறுதிப் போட்டியில் 15.066 பெற்று, வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைங்ரூபருக்கு 0.150 பின்தங்கி, நான்காம் இடத்தையே அடைந்தார். அவரே 2024இல் தாஷ்கந்தில் நடந்த ஆசியச் சாம்பியன் போட்டியில் 13.566 பெற்றுத் தங்கம் வென்றார்; ஆசியச் சாம்பியன் போட்டிகளில் இந்தியா பெற்ற முதல் ஜிம்னாஸ்டிக் தங்கம் அதுவே. எண்களை மட்டும் அருகருகே வைத்தால் எட்டு ஆண்டுகளில் 1.5 சரிந்துபோனதாகத் தோன்றும். இடையில் புள்ளி விதிகள் திருத்தப்பட்டு வோல்ட் வித்தைகளின் மதிப்பு குறைக்கப்பட்டதையும், எதிரே நின்றவர்கள் வேறானதையும், அவருடைய உடலும் வித்தைகளும் மாறியதையும் அந்த எண்கள் சொல்வதில்லை.

நம்பிக்கை 3: நடுவர் மனம்போல் புள்ளி போடுகிறார், பெற்றோர் தட்டிக்கேட்டால் மாறும்.

உண்மை: பெரிய போட்டிகளில் ‘ஈ’ புள்ளியை ஒரு நடுவர் மட்டும் தீர்மானிப்பதில்லை; பலர் தனித்தனியே போட்ட புள்ளிகளில் உச்சமானதையும் நீசமானதையும் தள்ளிவிட்டு, எஞ்சியவற்றின் சராசரியையே எடுப்பார்கள். ஒருவருடைய பட்சபாதமோ கவனப்பிசகோ முடிவைக் கெடுக்காதிருக்கச் செய்த ஏற்பாடு இது. அதனால் நடுவர்கள் தவறவே மாட்டார்கள் என்று பொருளன்று. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், தென்கொரியாவின் யாங் தே-யங் இணைக் கம்பிகளில் செய்த பயிற்சியின் தொடக்க மதிப்பை 10.0 என்பதற்குப் பதில் 9.9 என்று கணக்கிட்டதற்காக, சர்வதேச ஜிம்னாஸ்டிக் சம்மேளனம் மூன்று நடுவர்களை இடைநிறுத்தியது. ஆனால் ஆட்சேபம் உரிய காலத்தில் எழுப்பப்படாமையால் முடிவு மாறவில்லை.

ஆட்சேபத்துக்கும் வரம்பு உண்டு. சர்வதேச விதிப்படி ‘டி’ புள்ளியைப் பற்றியே மேல்விசாரணை கேட்கலாம். ‘ஈ’ புள்ளியைப் பற்றிக் கேட்க முடியாது. பிறர் பிள்ளையின் புள்ளியைப் பற்றியும் கேட்க முடியாது. கேட்கும் உரிமை பயிற்சியாளருக்கே உரியது, பார்வையாளர் வரிசையில் இருப்பவருக்கன்று. காலவரம்பும் கடுமையானது. 2024இல் பாரிசில் அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸ் தரைப் பயிற்சியில் 13.666 பெற்று, ஆட்சேபத்தின் பேரில் 13.766 ஆக உயர்ந்து வெண்கலம் வென்றார். கடைசியாகப் போட்டியிட்டவருக்குரிய ஒரு நிமிஷ அவகாசத்தைத் தாண்டி 4 வினாடி கழித்தே ஆட்சேபம் எழுப்பப்பட்டது என்று விளையாட்டு நடுவர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கவே, பதக்கம் 13.700 பெற்ற ருமேனியாவின் ஆனா பர்போசுவுக்குச் சென்றது. வழக்கு அத்தோடு ஓயவில்லை என்பது வேறு விஷயம். உலக அரங்கிலேயே இவ்வளவு கண்டிப்பு இருக்கும்போது, ஒரு தாயோ தகப்பனோ மண்டபத்தின் ஓரத்திலிருந்து நடுவரை நோக்கிக் குரலெழுப்புவதால் விளையும் பயன், பிள்ளை தலைகுனிவதைத் தவிர வேறொன்றுமில்லை.

நம்பிக்கை 4: கடினமான வித்தையைச் சீக்கிரம் கற்றால் புள்ளி தானே உயரும்.

உண்மை: ரியோவில் தீபா கர்மாகர் செய்த, சராசரி 15.066 ஆன இரண்டு வோல்ட்களையும் கவனியுங்கள். முதலாவதற்கு ‘டி’ 6.0, ‘ஈ’ 8.866, மொத்தம் 14.866. இரண்டாவது, கைகளை மேசையில் ஊன்றி எழும்பி வானில் இருமுறை முன்கரணம் அடிக்கும் புரொதுனோவா, ‘டி’ 7.0 என்ற உயர்ந்த மதிப்புடையது. ஆனால் மிகத் தாழ்வாக இறங்க நேர்ந்ததால் ‘ஈ’ 8.266 ஆகக் குறைந்து, மொத்தம் 15.266 ஆயிற்று. அதாவது கடினத்தில் 1.0 கூடியும், மொத்தத்தில் 0.4 மட்டுமே கூடியது. பல்லாண்டுகள் பயிற்சி பெற்று, விஷ்வேஷ்வர் நந்தி என்ற அனுபவசாலியின் கண்காணிப்பில் வளர்ந்த 23 வயது வீராங்கனைக்கே கணக்கு இப்படியென்றால், தசையும் எலும்பும் முதிராத பத்து வயதுப் பிள்ளையைக் கடினத்தை நோக்கி அவசரப்படுத்துவது எப்படி நியாயமாகும்? புரொதுனோவா போன்ற வித்தையில் கழுத்தோ முதுகோ தரையில் மோதினால் நேரக்கூடிய விபரீதத்தை எந்தப் பதக்கமும் ஈடுசெய்யாது. புதிய வித்தை எப்போது என்பதைத் தீர்மானிப்பவர் பயிற்சியாளராகவே இருக்கட்டும்.

நம்பிக்கை 5: சிறு வயதில் புள்ளி வராவிட்டால் பிற்பாடு வராது.

உண்மை: அதே ரியோ இறுதிப் போட்டியில் ஏழாம் இடம் பெற்ற உஸ்பெகிஸ்தானின் ஒக்ஸானா சுசோவிதினாவுக்கு அப்போது வயது 41. அவர் ஒரு விதிவிலக்கு என்று சொல்லக்கூடும்; ஆனால் சர்வதேசச் சம்மேளனமே பெண்களுக்கான குறைந்தபட்ச வயதை 1997இல் 16ஆக உயர்த்தியது, இளம்பிள்ளைகளின் நலத்தை முன்னிட்டேயாகும். எட்டு வயதிலும் ஒன்பது வயதிலும் கிடைக்கும் புள்ளியைக் கொண்டு சோதிடம் பார்ப்பது வீண்.

நம்பிக்கை 6: போட்டி முடிந்ததும் புள்ளியைப் பற்றிப் பேசினால்தான் பிள்ளைக்கு ரோஷம் வரும்.

உண்மை: பலகையில் எண் ஏறும் முன்னரே, தான் எங்கே தவறினோம் என்பது பிள்ளைக்குத் தெரியும். முழங்கால் மடிந்ததையும், 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பீமில் பாதம் நழுவியதையும் அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்த மண்டபத்தில் எவருமில்லை. நாளுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு நிறையாவிட்டால் அரைப் பேர் விழும் என்ற கவலையோடு மலையேறிய சமூகம் நம்முடையது; எண்ணுக்கு அஞ்சி வாழ்வது எவ்வளவு துன்பம் என்பதை நம் தாய்மாருக்கு எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. அந்த அச்சத்தைப் பிள்ளை விரும்பி ஏற்ற விளையாட்டிலும் கொண்டுபோய்ப் புகுத்தலாகாது.

கொப்பி வைத்திருக்கும் பெற்றோரை அதை எறிந்துவிடச் சொல்லவில்லை. திருத்தி எழுதவே வேண்டுகிறோம். திகதி, பயிற்சிக் கருவி, ‘டி’, ‘ஈ’, தண்டம் என்று தனித்தனிப் பத்தி வரைந்து கொள்ளுங்கள். கடைசிப் பத்தியில் அந்தப் போட்டியில் பிள்ளை முதன்முதலாகச் செய்துகாட்டிய வித்தை எது என்று எழுதுங்கள். பிறர் பிள்ளையின் பெயருக்கு அந்தக் கொப்பியில் இடம் வேண்டாம். சந்தேகம் எழுந்தால், போட்டி நடந்த மண்டபத்தில் வைத்துக் கேளாமல், சில நாள் கழித்துப் பயிற்சியாளரிடம் தனியே கேட்டுத் தெளியுங்கள். பிள்ளைக்குப் புள்ளி போடுவதற்கு நடுவர்கள் இருக்கிறார்கள். பிழை திருத்துவதற்குப் பயிற்சியாளர் இருக்கிறார். போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் பசிக்கிறதா, எங்கேனும் வலிக்கிறதா என்று முதலில் கேட்பதற்குத் தாய் தகப்பனைத் தவிர வேறு யாருமில்லை. அந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். கொப்பியைப் பிறகு திறக்கலாம்.