மரத்தை அளந்து ரம்பத்தை எடு

ஜாதவ்பூர்,
கொல்கத்தா.

அன்புள்ள தம்பிக்கு,

மெல்லிய பலகையில் ஆந்தை பொம்மை அறுக்க எந்த ரம்பம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். படிக்கிற வயதில் தச்சுவேலை எதற்கு என்று வீட்டில் யாராவது சொன்னால் மனம் தளராதே. இங்குள்ள ஜாதவ்பூர் பல்கலைக்கழகம், சுதேசி எழுச்சியின்போது 1906-இல் தொடங்கிய தொழிற்பள்ளியிலிருந்து வளர்ந்து 1955-இல் பல்கலைக்கழகமானது. கைவேலையும் கல்விதான்.

வங்காளத்தில் ஆந்தை பொம்மைக்குப் பெயர்போன ஊர் நதுன்கிராம். லட்சுமியின் வாகனமான ஆந்தையை அங்கே குமிழ் போன்ற மென்மரத்தில் உளியால் செதுக்கி, வண்ணம் தீட்டுகிறார்கள். உளிக்கு இணங்கும் மரத்தைத் தேர்ந்து வேலை செய்பவர்கள் அவர்கள். நீயும் முதலில் மரத்தைப் பார். பிறகு கருவியைத் தேடு.

பலகையின் கனத்துக்குள் ரம்பத்தின் மூன்று பற்களாவது அடங்க வேண்டும். அடங்காவிட்டால் இரண்டு பற்களுக்கு நடுவே விளிம்பு சிக்கி, நார் பிய்ந்துவிடும். 3 மி.மீ. பிளைவுட் என்றால் அங்குலத்துக்கு 25 பல் உள்ள பிளேடு சரியாக இருக்கும்.

ஆந்தையின் வளைவுகளுக்கு ஃப்ரெட் ரம்பம் வாங்கு. பிளேடின் பற்கள் கைப்பிடியை நோக்கிக் கீழே பார்க்க வேண்டும். இழுக்கும்போதுதான் அது அறுக்கும். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும்வரை பிளேடை இறுக்கு. நடுவில் 'வி' வடிவில் வெட்டிய ஒரு பலகையை மேசை விளிம்பில் கிளாம்பு போட்டுப் பிடித்து, அதன்மேல் வைத்து அறு. வளைவில் ரம்பத்தை முறுக்காதே. அது மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்க, மரத்தை மெல்லத் திருப்பு. சிராய் அடிப்பக்கம்தான் கிளம்பும். அங்கே காகித டேப் ஒட்டிவிடு.

நேர்வெட்டுக்கு, முதுகில் பட்டை வைத்த சிறிய டெனான் ரம்பமும் மைட்டர் பெட்டியும் போதும். மூலைமட்டம் வைத்துக் கத்தியால் கோடு கீறிய பிறகு அறு. மேல் நார் முன்பே அறுபட்டிருப்பதால் விளிம்பு சுத்தமாக வரும். பால்சா மரத்துக்கு ரம்பமே வேண்டாம். கூரிய கத்தியால், இரும்பு ஸ்கேல் ஓரமாக, அழுத்தாமல் நாலைந்து முறை கீறினாலே துண்டாகிவிடும். ஹேக்ஸாவை இரும்புக்கு விட்டுவிடு. அதன் நுண்பற்களை மரத்தூள் அடைத்துக்கொள்ளும்.

கொல்கத்தா மழைக்காலத்தில் எஃகு சீக்கிரம் துருவேறும். கடலோர ஊர்களிலும் அப்படித்தான். வேலை முடிந்ததும் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வை.

பெரிய கருவிப்பெட்டி வாங்கிப் பணத்தைக் கொட்டாதே. ஒரு ஃப்ரெட் ரம்பம், ஒரு டெனான் ரம்பம், 6 மி.மீ. உளி, ஒரு சாணைக்கல் போதும். மழுங்கிய கருவிக்கு அதிக பலம் வேண்டும். பலம் போடும்போதுதான் கை வழுக்கிக் காயம்படும். ஆகவே தம்பி, உளியைத் தீட்டவும் மழுங்கிய பிளேடைத் தயங்காமல் மாற்றவும் முதலில் பழகிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்