பயிர்ச்சூடு பார்க்க எது ஏற்றது: செயற்கைக்கோளா, ட்ரோனா, கைக்கருவியா?

தண்ணீர் போதாத செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். நீராவிப்போக்கு குறைந்ததும் இலை சூடேறும். வாட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்தச் சூட்டைத் தெர்மல் கேமரா பிடித்துவிடும். இதற்கு எந்த வழியில் போவது என்பதை உங்கள் நிலத்தின் அளவே பெரும்பாலும் தீர்மானிக்கும்.

செலவில்லாதது செயற்கைக்கோள். லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை ஓர் இடத்தைக் கடக்கின்றன; படங்கள் இலவசம். ஆனால் அவற்றின் வெப்ப உணரிக்கு ஒரு புள்ளி என்பது 100 மீட்டருக்கு 100 மீட்டர், ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். சிறு விவசாயியின் தோட்டம், பக்கத்துக் காடு, நடுவில் போகும் வண்டிப்பாதை எல்லாம் ஒரே எண்ணாக வந்து நிற்கும். மேகம் மூடினால் அதுவும் கிடைக்காது. ஆனாலும் மலைக்காடு, புல்வெளி, பெரிய ஆயக்கட்டு ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் கவனிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

வரிசை வரிசையாகப் பார்க்க ட்ரோன்தான் வேண்டும். 640×512 பிக்சல் கேமராவை 60 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டால், லென்ஸைப் பொறுத்து, ஒரு புள்ளி சுமார் 8 செ.மீ. அளவுக்கு வரும். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். பந்தல் முழுக்க இலை மூடியிருப்பதால் மண்ணின் சூடு படத்தில் கலக்காது. சொட்டுநீர்ப் பக்கக்குழாய் (லேட்டரல்) ஒன்று அடைத்திருந்தால் அந்த வரிசை நீளத்துக்கும் சூடான பட்டை தெரியும். புதிதாக நட்ட வாழையில் அப்படி இல்லை. மதிய வெயிலில் காய்ந்த மண் இலையைவிடப் பல டிகிரி கொதிக்கும். அதைப் பயிரின் சூடு என்று எண்ணினால் எல்லாம் தப்பாகிவிடும். கன்று இலை விரித்துத் தரையை மூடும்வரை ட்ரோனுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வாடகைக்கு எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது, ஒவ்வொரு புள்ளிக்கும் வெப்பநிலை பதிவாகுமா என்பது. வெறும் வண்ணப்படம் தருபவர் வேண்டாம். அதில் நிறம் படத்துக்குப் படம் மாறும், ஒன்றில் 34 டிகிரிக்கு வரும் சிவப்பு இன்னொன்றில் 38 டிகிரிக்கு வரலாம். மேகமில்லாத, காற்றடங்கிய நாளில், உச்சிவேளையை ஒட்டிப் பறக்கச் சொல்லுங்கள். இந்தக் கேமராக்களில் 2 டிகிரி வரை முன்பின் இருக்கும். அதனால் நன்றாகத் தண்ணீர் பாய்ச்சிய ஒரு பகுதியையும் அதே பறப்பில் எடுத்து, அதோடு ஒப்பிட வேண்டும். ஓட்டுபவரிடம் முறையான பைலட் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு ஏக்கருக்குள் இருப்பவர்களுக்குக் கையில் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானி போதும் என்பது என் உறுதியான கருத்து. 12:1 என்று குறித்த கருவி, 1.2 மீட்டர் தூரத்திலிருந்து 10 செ.மீ. வட்டத்தை அளக்கும். அந்த வட்டத்துக்குள் இலை மட்டும் இருக்க வேண்டும்.

எந்தக் கருவியும் சூட்டின் காரணத்தைச் சொல்லாது. வேரழுகலும் நூற்புழுவும் அடைத்த டிரிப்பரும் படத்தில் ஒரே மாதிரிதான். இத்தாலியின் அபூலியாவில் ஆலிவ் மரங்களைத் தாக்கிய சைலெல்லா நோயை, அறிகுறி வெளித்தெரியும் முன்பே வானிலிருந்து கண்டறிந்த ஆய்வு 2018-இல் வெளியானது. அதிலும் வெப்பப்படத்தோடு, ஒளியை நுண்பட்டைகளாகப் பிரிக்கும் கேமராவும் தேவைப்பட்டது.

ஐந்து, பத்து ஏக்கரில் சொட்டுநீர் போட்டு, விளைச்சல் இடத்துக்கு இடம் மாறுகிறது என்றால், கோடையில் ஒருமுறை ட்ரோனை வாடகைக்கு எடுங்கள். சொந்தமாக வாங்க வேண்டாம். படம் வந்ததும் சூடான இடத்துக்கு நேரில் போய் டிரிப்பரைக் கழற்றிப் பாருங்கள், வேரருகே ஒரு சாண் தோண்டிப் பாருங்கள்.