பொழுதும் குறிப்பும்

முன்னுரை

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார். நிலத்திற்குப் பத்திரம் எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். பொழுதுக்கோ பத்திரம் இல்லை. ஆதலின் அதனைப் போக்கிவிடுகிறோம். பொழுதுபோக்கு என்னும் சொல்லிலேயே இவ்விழப்பு ஒலிக்கிறது. எனினும், ஒழுங்கோடு கூடிய பொழுதுபோக்கு இழப்பாகாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழியும் கணக்கும்

ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் திருத்தணியில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வாழ்வன. எங்கள் வீட்டுத் திண்ணையில் என் அன்னையாரும் அண்டை வீட்டுத் தெலுங்கு அம்மையாரும் பல்லாங்குழி ஆடுவர். அவ்வம்மையார் அதனை ‘வாமன குண்டலு’ என்பார். பெயர் இரண்டு, பலகை ஒன்று. குழிகள் 14, காய் புளியங்கொட்டை. ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் ‘பசு’ என்று சொல்லி எடுத்துக்கொள்வர். எழுத்தறியாத என் அன்னையார், எக்குழியில் எத்தனை காய் என்பதை மனத்திலேயே வைத்திருப்பார். அரிசிப் பானையில் எத்தனை நாளுக்கு அரிசி உண்டு என்பதும் அவர் மனத்தில் அவ்வாறே இருந்தது. ஆட்டத்தின் ஒழுங்கு அடுக்களைக்கும் சென்றது என்க.

திரையில் ஓர் உழவு

சில ஆண்டுகளுக்கு முன், கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்த விடுதி மாணவர் ஒருவரைக் கடிந்துகொண்டேன். அவர் ஆடியது ‘ஸ்டார்டியூ வேலி’. எரிக் பரோன் என்னும் அமெரிக்க இளைஞர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியொருவராக உழைத்து 2016-இல் வெளியிட்ட கணினி விளையாட்டு அது. பாட்டனார் விட்டுச்சென்ற நிலத்தை உழுது, விதைத்து, நீர் பாய்ச்சி, ஊராரோடு நட்புக்கொள்வதே ஆட்டம். பருவம் ஒன்றுக்கு 28 நாட்கள். ஆட்டத்தின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் ஏறத்தாழ 14 நிமிடம். அவ்வுழவர் உறங்கச் செல்லும்போதே அன்றைய உழைப்பு முறையாகப் பதிவாகும்.

மாணவர் தம் குறிப்பேட்டைக் காட்டினார். எந்நாளில் எவ்விதை ஊன்றியது, எந்நாளில் அறுவடை என்பன கோடிட்டு எழுதப்பட்டிருந்தன. வியந்தேன். அதே மாணவர் அப்பருவத்தில் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டிய இறுதி நாளைத் தவறவிட்டிருந்தார்! ஒழுங்கு அவரிடம் இல்லாமலில்லை. அது திரைக்குள்ளேயே நின்றுவிட்டது. கடிவதற்கு நானும் தகுதியுடையேன் அல்லேன். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக எழுதிய குறிப்புத்தாள்களைக் கோணிப்பையில் திணித்துவைத்து, வேண்டியபோது ஒரு தாளைத் தேடி இரண்டு இரவுகளை இழந்திருக்கிறேன்.

திரட்டுதலும் காத்தலும்

2020 மார்ச் 20-இல் வெளிவந்த ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ என்னும் விளையாட்டில், பூச்சி, மீன், தொல்லுயிர் எச்சம் முதலியவற்றைத் திரட்டி அருங்காட்சியகம் நிரப்புவர். திரைக்குள் நிகழும் இச்செயலைத் தமிழகத்தில் மெய்யாகவே செய்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா ஆவார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த அவருக்கு நூல் திரட்டுதல் விருப்பப் பணி. நூல்களோடு நில்லாது, திருமண அழைப்பிதழ், நாடக அறிவிப்பு முதலியவற்றையும் சேர்த்தார். பிறர் கழித்துவிடும் தாள்களைப் பூச்சி அரிக்காமல் காத்தார். 1992-இல் அவர் மறைந்தபின், ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. திரட்டியதோடு அமையாது காக்கவும் செய்தமையால், ஒருவரின் பொழுதுபோக்கு ஓர் இனத்தின் கருவூலமாயிற்று.

நாட்குறிப்பும் இவ்வாறே. புதுச்சேரியில் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவந்த குறிப்புகள் இன்று வரலாற்றுச் சான்றாக நிற்கின்றன.

நிறைவுரை

திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளை ஆண்டின் நாட்களுக்கு ஒப்பிட்டுக் கூறுவர் எம்மூரார். டிசம்பர் 31-இல் அப்படிகளுக்கு விழாவும் நடைபெறும். மலையேறுவோர் படியைத் தாவினால் மூச்சு வாங்கும். படிக்கு ஒரு அடி வைத்தால் உச்சி கிட்டும்.

மாணவச் செல்வங்களே! விளையாட்டைக் கைவிடுமாறு கூறேன். உறங்குமுன் மூன்று வரி எழுதுங்கள்: இன்று முடித்தது யாது? நாளைக்கு எஞ்சியது யாது? எப்பொருளை எங்கு வைத்தேன்? அம்மாணவர் அடுத்த பருவத்தில் தேர்வுக் கட்டணத்தின் இறுதி நாளைத் தம் பழைய ஏட்டிலேயே, அறுவடை நாளுக்குக் கீழே, எழுதிக் காட்டினார். நானும் கோணிப்பையை அவிழ்த்துத் தாள்களை அடுக்கத் தொடங்கியுள்ளேன்.