சோழபுரத்து வெயிலில் ஹார்ட் டிஸ்க்: ஃபேனா, கூலரா, ஏசியா?

சித்திரை, வைகாசியில் இராஜபாளையம், சோழபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பிற்பகலில் அறைக்குள்ளேயே 36, 38 டிகிரி வரும். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், அறைக் காற்றை விடக் குறைந்த சூட்டுக்கு டிஸ்க்கைக் கொண்டுபோக முடியாது. ஆகவே ‘டிஸ்க் எப்போதும் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும்’ என்ற அறிவுரை இங்கே கோடையில் நடக்காது. நடக்கவேண்டிய அவசியமும் இல்லை.

எவ்வளவு சூடு தாங்கும்?

மேசைக் கணினிக்கான டிஸ்க்குகள் பலவற்றுக்கும் தயாரிப்பாளர்கள் தரும் எல்லை 60 டிகிரி. சிசிடிவிக்கென்று வருபவற்றில் 65, 70 வரைகூடப் போட்டிருப்பார்கள். அது கடைசிக் கோடு. அதில் வைத்து ஓட்டக்கூடாது. என் கணக்கு இது: 45 வரை கவலை வேண்டாம். 50-ஐத் தொட்டால் காற்றோட்டத்தைப் பாருங்கள். 55-ஐத் தாண்டினால் அன்றைக்கே ஏதாவது செய்யுங்கள்.

ஆய்வுகளும் பதற்றத்தைக் குறைக்கின்றன. 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்தபோது, மிதமான சூட்டுக்கும் பழுதுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. மிக அதிகச் சூட்டிலும், மூன்று வருடம் ஓடிய பழைய டிஸ்க்குகளிலும்தான் பாதிப்பு தெரிந்தது. மைக்ரோசாஃப்ட்டின் ஒன்பது தரவு மையங்களை வைத்து 2016-இல் வந்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: வெப்பத்தை விட ஈரப்பதம்தான் டிஸ்க்குகளை அதிகம் கெடுத்தது, குறிப்பாக அவற்றின் மின்னணுப் பலகையையும் இணைப்புகளையும். நம் ஊரில் குளிரூட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்கக்கூடாது.

முதலில் அளந்து பாருங்கள். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும், லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல். காலையில் பார்ப்பதில் பயனில்லை. மதியம் மூன்று மணிக்கு, வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள்.

நான்கு வழிகள்

இடம் மாற்றுவது: செலவே இல்லை. தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஒட்டிய பரண், மேற்கு வெயில் படும் சுவர், பூட்டிய மரப்பெட்டி ஆகிய மூன்றையும் தவிருங்கள். பெட்டியைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விடுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

ஃபேன்: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 120 மில்லிமீட்டர் ஃபேனை, டிஸ்க்குக்கு நேராகக் காற்றை உள்ளே இழுக்கும்படி கேபினெட்டின் முன்பக்கம் பொருத்துங்கள். காற்றே அசையாத பெட்டியில் அறையை விட 15 டிகிரி கூடுதலாக இருக்கும் டிஸ்க், இதனால் 5 முதல் 8 டிகிரி கூடுதல் என்ற அளவுக்கு இறங்கிவிடும். கொடுக்கும் காசுக்கு இதை மிஞ்சிய வழி கிடையாது. ஆனால் நூற்பாலைகளும் சத்திரப்பட்டி பக்கத்து விசைத்தறிகளும் இருக்கும் வட்டாரம் இது. பஞ்சு தூசி சீக்கிரமே வழியை அடைத்துவிடும். முன்பக்கம் மெல்லிய வலை வடிகட்டி போட்டு, மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். ப்ளோயர் அடிப்பதானால் கரண்டை நிறுத்திவிட்டு, இறக்கை சுற்றாமல் பிடித்துக்கொண்டு அடியுங்கள்.

ஏர் கூலர்: மனிதருக்குச் சுகம், கணினிக்கு நான் சொல்லமாட்டேன். தண்ணீர் ஆவியாகித்தான் அது காற்றைக் குளிர்விக்கிறது. நாலு டிகிரி குறைத்துவிட்டு ஈரத்தை ஏற்றிவிடும். அறையில் கூலர் இருந்தே ஆக வேண்டுமென்றால், அதன் காற்று கணினியிலோ டிவிஆரிலோ நேராகப் படாமல் திருப்பி வையுங்கள். ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

ஏசி: சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துக் குறைப்பது இது ஒன்றுதான். செலவும் இதில்தான் அதிகம். நாலைந்து டிஸ்க் ஓடும் ஆலை அலுவலகத்துக்கோ எடிட்டிங் அறைக்கோ நியாயமானது. 27 டிகிரியில் வைத்தால் போதும். 18-இல் வைப்பதால் டிஸ்க்கின் ஆயுள் கூடாது.

யாருக்கு எது?

கடையில் சிசிடிவி வைத்திருப்பவர்கள் டபிள்யூடி பர்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற, இரவு பகலாக எழுதுவதற்கென்று செய்த டிஸ்க்கை வாங்குங்கள். திருட்டுப் பயத்துக்காக டிவிஆரைப் பூட்டி வைப்பதானால் நான்கு பக்கமும் கம்பிவலை உள்ள பெட்டியாக இருக்கட்டும். ரௌட்டரையும் அடாப்டரையும் அதன் தலையில் அடுக்காதீர்கள்.

கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு: எடிட்டிங் எஸ்எஸ்டியில், சேமிப்பு ஹார்ட் டிஸ்க்கில். கையடக்க டிஸ்க்கில் முழு நிகழ்ச்சியையும் ஏற்றும்போது அதை மெத்தையில் வைக்காமல் தரையிலோ இரும்பு மேசையிலோ வையுங்கள். வருடக்கணக்கில் அலமாரியில் வைக்க எஸ்எஸ்டி வேண்டாம். எழுதி எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் சூட்டில் கிடந்தால் தரவை மெல்ல இழக்கும். அதற்கான தொழில்துறை அளவுகோலே 30 டிகிரியில் ஓராண்டுதான்.

வீட்டில் ஒரே கணினி என்றால் 5,400 சுழற்சி டிஸ்க் வாங்குங்கள். 7,200 சுழற்சியை விடக் குறைந்த மின்சாரம் இழுக்கும், சூடும் குறைவு. கூடவே ஒரு ஃபேன், அவ்வளவு போதும்.

கையில் இருக்கும் பணத்தை இந்த வரிசையில் செலவிடுங்கள்: முதலில் இடம், அடுத்து ஃபேனும் வடிகட்டியும், அதற்கடுத்து இரண்டாவது டிஸ்க்கில் ஒரு பிரதி, கடைசியில் ஏசி. பிரதியை ஏசிக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. 30 டிகிரியில் ஓடும் டிஸ்க்கும் ஒருநாள் நின்றுபோகும். அன்றைக்குப் படங்களையும் கணக்குகளையும் மீட்டுத் தருவது அந்த இரண்டாவது டிஸ்க் மட்டும்தான்.